25 வயதைக் கடந்த மாணவருக்குப் பல்கலைக்கழக அணியில் இடமில்லை: வயது வரம்பு ஏன், யாருக்கு இழப்பு?

புதுடெல்லி:

டெல்லியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் 26 வயதில் முதுநிலைப் படிப்பிலோ, சட்டப் படிப்பிலோ, முனைவர் பட்ட ஆய்விலோ சேரும் ஒருவர், எல்லா வகையிலும் அப்பல்கலைக்கழகத்தின் முழுநேர மாணவரே. அவருக்கு அடையாள அட்டை உண்டு, நூலகம் உண்டு, தேர்வுகள் உண்டு. மாலை வேளையில் மைதானத்துக்குச் சென்று மற்ற மாணவர்களுடன் பயிற்சி செய்யவும் அவரை யாரும் தடுப்பதில்லை.

ஆனால், பல்கலைக்கழக அணியின் பட்டியலில் அவரது பெயர் இடம்பெற முடியாது. அவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், எவ்வளவு துல்லியமாகப் பந்து வீசினாலும் இந்த நிலை மாறாது. காரணம், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளுக்கு நாடு முழுவதும் பின்பற்றப்படும் வயது வரம்பு.

இந்த வரம்பு எப்படிச் செயல்படுகிறது, எதற்காக வைக்கப்பட்டது, பிற நாடுகளில் நடைமுறை என்ன, படிப்பை இடையில் விட்டு மீண்டும் தொடரும் இன்றைய தலைமுறைக்கு அது பொருந்துகிறதா என்பதை விளக்குகிறது இக்கட்டுரை.

விதி என்ன சொல்கிறது?

இந்தியாவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிகளை ஒருங்கிணைப்பது, டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் (ஏஐயு). 1925-ஆம் ஆண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியமாகத் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, 1973-இல் இப்போதைய பெயரைப் பெற்றது.

இச்சங்கத்தின் போட்டிகளில் பங்கேற்க ஒருவர் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். அவர் பயிலும் படிப்பு குறைந்தது ஓர் கல்வியாண்டு காலம் கொண்டதாக இருக்க வேண்டும். வயது 17 முதல் 25-க்குள் இருக்க வேண்டும். வயதைக் கணக்கிடும் நாள், அந்தக் கல்வியாண்டின் ஜூலை 1. ஆண், பெண் இருபாலருக்கும் இதே வரம்புதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 2000-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி பிறந்த மாணவருக்கு 2025 ஜூலை 1 அன்று 24 வயதே ஆகியிருக்கும். எனவே, 2025-26 கல்வியாண்டு முழுவதும் அவர் விளையாடலாம். அதே ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி பிறந்தவர், ஜூலை 1-க்கு முன்னரே 25 வயதை நிறைவு செய்துவிடுகிறார். பிறந்த நாளில் ஒரு மாத வேறுபாடு. இழப்பதோ ஒரு முழுப் போட்டிப் பருவம்.

இந்தப் போட்டிகளில் முன்னணி இடம் பெறும் பல்கலைக்கழகங்களே கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளுக்குத் தகுதி பெறுகின்றன. 2020-ஆம் ஆண்டு புவனேஸ்வரில் தொடங்கிய அப்போட்டிகளிலும் உச்ச வயது வரம்பு 25 தான். ஆகவே, ஒரு கதவு மூடினால் அதை ஒட்டிய மற்றொரு கதவும் மூடிவிடுகிறது.

ஒரு சான்றிதழின் மதிப்பு

பல்கலைக்கழக அணியில் இடம்பெறுவது வெறும் பெருமைக்குரிய செய்தி மட்டும் அன்று. மத்திய அரசின் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை வகுத்துள்ள விதிகளின்படி, 'சி' பிரிவுப் பணியிடங்களில் விளையாட்டு வீரர்களை நேரடியாக நியமிக்க வழி உள்ளது. அதற்குத் தகுதியுடையோர் பட்டியலில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் தமது பல்கலைக்கழகத்தின் சார்பில் விளையாடியவர்களும் அடங்குவர். தமிழக அரசுப் பணிகளிலும் சாதனை படைத்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு உள்ளது.

நடுத்தரக் குடும்பத்திலிருந்து வரும் கபடி வீரருக்கோ கைப்பந்து வீராங்கனைக்கோ, பல்கலைக்கழக அணியின் சீருடை என்பது வேலைவாய்ப்புக்கான முதல் படி. 25 வயதுக்குப் பின் கல்லூரிக்குள் நுழைபவர் அந்தப் படியில் கால் வைக்கவே முடிவதில்லை. வயது வரம்பு குறித்த விவாதத்தில் உண்மையில் அடங்கியிருப்பது இதுவே.

வரம்பு எதற்காக?

இந்த வரம்புக்கு நியாயமான காரணங்கள் உள்ளன என்பதையும் மறுக்க இயலாது. முதலாவது காரணம், சமமான போட்டி. 18 வயதில் பள்ளியிலிருந்து நேராக வந்த மல்யுத்த வீரருக்கு எதிராக, பத்தாண்டு அனுபவமும் முதிர்ந்த உடல் வலிமையும் கொண்ட 29 வயது வீரரை நிறுத்துவது இளையவருக்குப் பாதகமாக அமையும். உடலோடு உடல் மோதும் விளையாட்டுகளில் இது காயம் தொடர்பான கேள்வியும் ஆகும்.

இரண்டாவது காரணம், பெயரளவு மாணவர்கள் என்னும் சிக்கல். பல்கலைக்கழகங்களின் ஒட்டுமொத்த விளையாட்டுச் சாதனைக்காக 1956-57 முதல் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை வழங்கப்பட்டு வருகிறது. இத்தகைய கௌரவத்துக்கான போட்டி கடுமையாக இருக்கும்போது, தொழில்முறை வீரர்களை ஏதேனும் ஒரு படிப்பில் பெயருக்குச் சேர்த்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அணியில் வைத்திருக்கும் ஆசை எந்த நிர்வாகத்துக்கும் எழக்கூடும். வயது வரம்பு அதற்கு ஒரு கடிவாளம்.

மூன்றாவது காரணம், வாய்ப்புகளின் எண்ணிக்கை. ஒரு கூடைப்பந்து அணியில் 12 பேருக்கு மட்டுமே இடம். மூத்த வீரர் ஒருவர் தொடர்ந்து நீடித்தால், புதிதாக வரும் ஒருவர் காத்திருக்க வேண்டும். இளையோருக்கு வழிவிடச் செய்வதும் இவ்விதியின் நோக்கங்களில் ஒன்று.

25 என்ற எண் எங்கிருந்து வந்தது?

இந்த எண், உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் சர்வதேசப் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பின் வரம்போடு ஒத்துப்போகிறது. எனினும், அங்கும் இது நிலையான எண்ணாக இருந்ததில்லை. 2017-ஆம் ஆண்டு தைபேயில் நடைபெற்ற போட்டி வரை உச்ச வரம்பு 28 ஆக இருந்தது. 2019-ஆம் ஆண்டு இத்தாலியின் நேப்பிள்ஸ் போட்டியிலிருந்து அது 25 ஆகக் குறைக்கப்பட்டது. 2021-இல் சீனாவின் செங்டு நகரில் நடைபெற வேண்டிய போட்டி, கொரோனா காரணமாக 2023-க்குத் தள்ளிப்போனபோது, காத்திருந்த வீரர்கள் வாய்ப்பை இழக்காதிருக்க வரம்பு 27 ஆகத் தளர்த்தப்பட்டது.

நேப்பிள்ஸ் போட்டியில்தான் ஒடிசாவைச் சேர்ந்த தூத்தி சந்த் மகளிர் 100 மீட்டர் ஓட்டத்தில் 11.32 வினாடிகளில் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 23. செங்டு போட்டியில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் தங்கம் வென்ற, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் அதே வயதை ஒட்டியவரே. பல்கலைக்கழகப் போட்டிகளின் உச்ச நிலை வீரர்கள் பெரும்பாலும் இந்த வயதுப் பிரிவில் இருப்பது உண்மை. ஆனால் 28, 25, 27 என வரம்பு மாறிவந்திருப்பது, இது இயற்கை வகுத்த எல்லை அல்ல, சூழலுக்கேற்ப மனிதர்கள் வகுத்த எல்லை என்பதைக் காட்டுகிறது.

பிற நாடுகளில் எப்படி?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பல பத்தாண்டுகளாக இருந்துவந்த அடிப்படை நடைமுறை வேறு விதமானது. அங்கே பிறந்த ஆண்டைவிட, கல்லூரியில் முதன்முதலாகச் சேர்ந்த ஆண்டுக்கே முக்கியத்துவம். முதல்நிலைப் பிரிவில், சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் விளையாடலாம் என்பது அந்த விதி. ராணுவப் பணியில் கழித்த காலம் இந்தக் கணக்கில் சேர்க்கப்படாது.

இதன் விளைவாக, மூத்த மாணவர்கள் பலர் அங்கே களம் கண்டுள்ளனர். பேஸ்பால் விளையாட்டில் ஆறு ஆண்டுகள் கழித்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பிய கிறிஸ் வெய்ன்கி, புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணிக்காக அமெரிக்கக் கால்பந்து விளையாடி, 2000-ஆம் ஆண்டு 28 வயதில் அவ்விளையாட்டின் உயரிய கல்லூரி விருதான ஹெய்ஸ்மன் கோப்பையை வென்றார். 2008-இல் டென்னசி மாநிலத்தின் ரோன் ஸ்டேட் சமுதாயக் கல்லூரிக்காகக் கூடைப்பந்து ஆடிய கென் மின்க், 73 வயதில் இரண்டு புள்ளிகள் எடுத்தார். 2016-இல் 55 வயதான ஜோ தாமஸ் சீனியர், தெற்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியில் களமிறங்கினார். அப்போது அவருடைய மகன் தொழில்முறை வீரராக விளையாடிக்கொண்டிருந்தார்.

பிரிட்டனில் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு இடையே தேம்ஸ் ஆற்றில் நடைபெறும் புகழ்பெற்ற படகுப் பந்தயத்தில், 2019-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் படகில் துடுப்பு வலித்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கிராக்னெல். 2000 சிட்னி, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற அவர், மனிதப் பரிணாமம் பற்றிய முதுநிலைப் படிப்பில் சேர்ந்திருந்தார். பந்தய நாளன்று அவருக்கு வயது 46. அப்பந்தயத்தின் வரலாற்றில் மிக மூத்த போட்டியாளர் அவரே. அவருடைய படகே வெற்றியும் பெற்றது.

அதன் பின்னர் விதி இறுகியது. 2025-ஆம் ஆண்டுப் பந்தயத்திலிருந்து, இளநிலைப் படிப்பைத் தொடங்கி 12 ஆண்டுகளுக்கு மேல் ஆனவர்கள் போட்டியிட முடியாது என்ற கட்டுப்பாடு வந்தது. பிரிட்டனும் ஒரு கோடு போட்டது. ஆனால் அது வயதை அளக்கவில்லை, படிப்பு தொடங்கியதிலிருந்து கடந்த காலத்தை அளக்கிறது. 18 வயதில் கல்லூரியில் சேர்ந்தவர் 30 வயது வரை விளையாட முடியும். 25 வயதில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவருக்கும் அதே 12 ஆண்டுகள் கிடைக்கும்.

உடல் என்ன சொல்கிறது?

25 வயதில் உடல் தளர்ந்துவிடுகிறதா என்றால், இல்லை என்பதே விடை. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் பொதுவாக 30 வயதுக்குப் பின்னர், பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் என்ற அளவில் குறைகிறது. தொடர்ந்து கடுமையாகப் பயிற்சி செய்பவர்களிடம் இந்தச் சரிவு இன்னும் மெதுவாகவே நிகழ்கிறது. 25 முதல் 30 வயது வரையிலான காலம் பல விளையாட்டுகளில் உச்ச காலமே.

விளையாட்டுக்கு விளையாட்டு இது வேறுபடும். குறுந்தொலைவு ஓட்டத்தில் வேகம் இருபதுகளின் நடுப்பகுதியில் உச்சம் தொடும். நெடுந்தொலைவு ஓட்டத்தில் முப்பதுகளிலும் சாதிக்கலாம். துப்பாக்கி சுடுதல், வில்வித்தை, சதுரங்கம் போன்றவற்றில் அனுபவம் பெரும் துணை. சென்னையைச் சேர்ந்த மேசைப்பந்து வீரர் சரத் கமல், 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 40 வயதில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். ரோகன் போபண்ணா 43 வயதில், 2024 ஆஸ்திரேலிய ஓபன் ஆடவர் இரட்டையர் பட்டத்தைக் கைப்பற்றினார்.

மல்யுத்தத்துக்கும் மேசைப்பந்துக்கும் ஒரே வயதில் கோடு போடுவது பொருத்தமா என்ற கேள்வி இங்கே எழுகிறது.

டெல்லியில் யாரைப் பாதிக்கிறது?

பள்ளி முடித்த கையோடு 18 வயதில் இளநிலைப் படிப்பில் சேரும் மாணவருக்கு இந்த வரம்பால் பெரிய சிக்கல் இல்லை. தேசியக் கல்விக் கொள்கையின்படி 2022-23 முதல் டெல்லி பல்கலைக்கழகம் நடைமுறைப்படுத்தியுள்ள நான்காண்டு இளநிலைப் படிப்பில், இடையில் விலகி மீண்டும் சேரவும், ஏழு ஆண்டுகளுக்குள் படிப்பை நிறைவு செய்யவும் வழியுண்டு. 18 வயதில் தொடங்குபவருக்கு அந்த ஏழு ஆண்டுகள் 25 வயதில்தான் முடிகின்றன. ஆகவே, உண்மையான பாதிப்பு தாமதமாகத் தொடங்குவோருக்கும் உயர்கல்வியைத் தொடர்வோருக்குமே.

முதலில், குடிமைப் பணித் தேர்வர்கள். தமிழகத்திலிருந்து ஆண்டுதோறும் ஏராளமான இளைஞர்கள் டெல்லியின் ராஜேந்திர நகர், முகர்ஜி நகர் பகுதிகளுக்கு வந்து தேர்வுக்குத் தயாராகின்றனர். பொதுப் பிரிவினருக்கே 32 வயது வரை, ஆறு முறை தேர்வெழுத வாய்ப்பு உண்டு. சில முயற்சிகளுக்குப் பின் சட்டப் படிப்புக்கோ முதுநிலைப் படிப்புக்கோ திரும்புவோர், பெரும்பாலும் 25-ஐக் கடந்திருப்பர்.

அடுத்து, ஆய்வு மாணவர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான உச்ச வயது 30; பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டுகள் வரை தளர்வும் உண்டு. ஒருவர் தாமதமாக ஆய்வைத் தொடங்கலாம் என்பதைக் கல்வி விதி ஏற்றுக்கொள்கிறது. திருமணம், குழந்தைப்பேறு போன்றவற்றால் பெண்களின் படிப்பு தடைபடக்கூடும் என்பதையும் அது கருத்தில் கொள்கிறது. விளையாட்டு விதியில் அந்தக் கரிசனம் இல்லை.

மூன்றாவது, முன்னாள் அக்னிவீரர்கள். 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில், தொடக்கத்தில் 17½ முதல் 21 வயது வரையிலானோர் நான்கு ஆண்டுப் பணிக்குச் சேர்க்கப்பட்டனர். முதல் ஆண்டில் மட்டும் 23 வயது வரை தளர்வு தரப்பட்டது. 17½ வயதில் சேர்ந்தவர், பணி முடித்துக் கல்லூரிக்கு வரும்போது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விளையாட முடியும். 21 வயதில் சேர்ந்தவர் வெளியே வரும்போது 25-ஐ எட்டிவிடுகிறார். 23 வயதில் சேர்ந்தவருக்கு அப்போது 27. உடல் தகுதியில் சிறந்து விளங்கும் இந்த இளைஞர்கள், நாட்டுப் பணியில் கழித்த காலத்துக்காகவே கல்லூரி அணியை இழக்கும் நிலை உருவாகிறது. ராணுவப் பணிக் காலத்தைக் கழித்துக் கணக்கிடும் அமெரிக்க நடைமுறை இங்கே கவனிக்கத்தக்கது.

இத்தனைக்கும், டெல்லி பல்கலைக்கழகம் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைக்கு நடத்தப்படும் கியூட் தேர்வுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. வகுப்பறையின் கதவு எல்லா வயதினருக்கும் திறந்திருக்கிறது; மைதானத்தின் கதவு 25-இல் மூடுகிறது.

அணிக்குள் மூத்தவர்

வரம்புக்குள்ளேயே இருந்தாலும், 24 வயதில் முதன்முதலாகக் கல்லூரி அணியில் சேரும் ஒருவரின் நிலை எளிதானதன்று. உடன் விளையாடுவோர் ஐந்தாறு வயது இளையவர்கள். களத்துக்கு வெளியே 'அண்ணா' என்றோ இந்தியில் 'பையா' என்றோ அழைப்பவர்கள், களத்துக்குள் அவரிடம் கூடுதல் நிதானத்தை எதிர்பார்ப்பார்கள். பயிற்சியாளருக்கும் அவருக்கும் வயது இடைவெளி குறைவாக இருப்பதால், அணியின் குறைகளைப் பயிற்சியாளரிடம் கொண்டு செல்லும் பொறுப்பும் இயல்பாக அவரிடமே வந்து சேரும்.

ஆய்வக வேலை, பகுதிநேரப் பணி, குடும்பப் பொறுப்பு ஆகியவற்றுக்கு நடுவே பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவது மற்றொரு சவால். நீண்ட இடைவெளிக்குப் பின் களம் திரும்புவோர், முதல் வாரத்திலேயே இளையோருக்கு இணையாக ஓட முயல்வது தசைக் காயங்களுக்கு வழிவகுக்கும். பயிற்சியின் அளவைப் படிப்படியாக உயர்த்துவதும், உறக்கத்துக்கும் ஓய்வுக்கும் இடம் தருவதும் அவசியம்.

அதே வேளையில், இத்தகைய வீரரால் அணிக்குக் கிடைக்கும் பயனும் பெரிது. தோல்வியை எப்படி ஏற்பது, படிப்பையும் பயிற்சியையும் எப்படிச் சமன் செய்வது என்பவற்றை விரிவுரை ஏதுமின்றி இளையோர் அவரிடமிருந்து கற்றுக்கொள்கின்றனர்.

25-க்கும் 35-க்கும் இடையே

வரம்பைக் கடந்தவர்களுக்கு என்ன வழி? முதியோர் தடகளம் எனப்படும் மாஸ்டர்ஸ் பிரிவு உலக அளவில் 35 வயதிலிருந்தே தொடங்குகிறது. அதற்கு இடைப்பட்ட பத்து ஆண்டுகளில், வயது வரம்பற்ற மாநில, தேசியப் போட்டிகளில் நாட்டின் முன்னணி வீரர்களோடு மோத வேண்டும். இல்லையேல், உள்ளூர் கழக அணிகளில் சேர வேண்டும். விடுதிகளுக்கும் துறைகளுக்கும் இடையிலான உள்வளாகப் போட்டிகளும், 2005 முதல் நடைபெற்றுவரும் டெல்லி அரை மாரத்தான் போன்ற பொது நிகழ்வுகளும் ஓரளவுக்கு வாய்ப்பளிக்கின்றன.

இந்த இடைவெளியை நிரப்ப ஒரு வழியைத் தமிழகம் காட்டியுள்ளது. முதலமைச்சர் கோப்பை விளையாட்டுப் போட்டிகளில் கல்லூரி மாணவர் பிரிவுக்கு 17 முதல் 25 வயது வரை என்ற வரம்பு இருந்தாலும், 15 முதல் 35 வயது வரையிலானோருக்குப் பொதுப் பிரிவு தனியாக உண்டு. 25-ஐக் கடந்த மாணவர் அங்கே களமிறங்கலாம். ஆனால் அவர் அணிவது தம் கல்லூரியின் சீருடை அன்று.

வரம்பை முற்றிலும் நீக்குவது இளைய வீரர்களுக்கு நியாயம் செய்யாது. எனினும், வயதுக்குப் பதிலாகப் படிப்புக் காலத்தைக் கணக்கிடுவது, ராணுவப் பணிக்கும் மகப்பேறுக்கும் தளர்வு தருவது, உடல் மோதல் இல்லாத விளையாட்டுகளுக்குத் தனி வரம்பு வைப்பது ஆகிய மூன்றும் நடைமுறைக்கு அப்பாற்பட்டவை அல்ல. இவற்றில் முதலாவதைப் பிரிட்டனும், இரண்டாவதின் ஒரு பகுதியை அமெரிக்காவும் ஏதோ ஒரு வடிவில் கையாண்டுள்ளன.

தற்போதைய விதிப்படி, 24 வயதை எட்டிய மாணவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: புதிய படிப்பில் சேர்வதற்கு முன், அந்த ஆண்டின் ஜூலை 1 அன்று தமது வயது என்ன என்பதைக் கணக்கிட்டு, பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையிடம் தகுதியை உறுதி செய்துகொள்ள வேண்டும். எஞ்சியிருப்பது ஒரே ஒரு பருவம் என்றால், அதைத் தவறவிடாமல் இருப்பதே நல்லது.